ஹான்லேயின் நோன்பு

லடாக்கின் கிழக்கு எல்லையை ஒட்டிய சாங்தாங் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது ஹான்லே. 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த பௌத்த மடம், அதைச் சுற்றிச் சில சிற்றூர்கள், ஆட்டு மந்தைகளோடு இடம்பெயரும் சாங்பா மக்கள், குன்றின்மேல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம். இந்த ஆய்வகத்தைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. ஊரைச் சேர்ந்த 20-க்கும் மேற்பட்டவர்களுக்கு நிறுவனம் வானியல் பயிற்சியும் தொலைநோக்கிகளும் கொடுத்தது. வருகிறவர்களை வீட்டில் தங்கவைத்து, இரவில் பால்வீதியைக் காட்டி, அவர்கள் வருமானம் பெறுகிறார்கள். வருகிறவர்களில் பலர் இதை யாத்திரையாகவே நினைத்து வருகிறார்கள். கட்டணம் கட்டி, அறை பதிவுசெய்து பார்க்கும் வானம் ஒருவருக்குச் சமய அனுபவமாக முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு நட்சத்திரங்கள் காரணம் அல்ல. ஹான்லேயில் வணங்கத் தக்கது அந்த ஊரார் இரவுதோறும் காக்கும் கட்டுப்பாடு.

இப்படிச் சொல்வதற்கு இயற்பியலே முதல் சான்று. ஹான்லே வானத்தில் இருக்கும் நட்சத்திரங்கள்தாம் சென்னைக்கு மேலும் இருக்கின்றன. உயரமும் வறண்ட காற்றும் அவ்வூருக்கு இயற்கை தந்தவை. அவை பெரிய கொடைகள், மறுக்கவில்லை. ஆனால் நகரத்து வானத்தை அழிப்பது நாம் மேல்நோக்கி வீணாக விடும் வெளிச்சம். காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டு அது சிதறுகிறது. தலைக்குமேல் ஒரு வெளிர்ந்த கூரையாகப் படிகிறது. நீலம் மிகுந்த வெள்ளை எல்இடி வந்த பிறகு சிதறல் இன்னும் கூடியது. 2016-இல் வெளியான உலக இரவுவான ஒளி வரைபடம், மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது என்று காட்டியது. உலகெங்கும் பொதுமக்கள் வெறும் கண்ணால் எண்ணிப் பதிந்த நட்சத்திரக் கணக்குகளை வைத்து 2023-இல் வந்த ஆய்வு, 2011 முதல் 2022 வரை வானத்தின் ஒளிர்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடிவந்ததாகக் கண்டது. ஆக, ஹான்லேயில் வானத்தோடு எதுவும் சேர்க்கப்படவில்லை. மனிதர்கள் தங்களில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வெளிவிளக்குகளுக்கு மூடாக்கு, சன்னலுக்குக் கனத்த திரை, வண்டி முகப்பு விளக்கைத் தாழ்த்தும் பழக்கம். தன்னைக் குறைத்துக்கொண்டு மற்றொன்றுக்கு இடம் விடுவதைத்தான் பல சமயங்களும் நோன்பு என்கின்றன.

இதைத் தமிழ்ச் சைவ மரபுக்குள் நின்று யோசித்தால் இன்னும் கூர்மையாகத் தெரியும். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார், திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரத்தில் ஆணவ மலத்தைப் புற இருளோடு ஒப்பிட்டு, உடனே இரண்டையும் வேறுபடுத்துகிறார். புற இருள் பொருள்களை மறைக்கும். ஆனால் தான் இருப்பதை மறைக்காது, இருட்டாக இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவமோ பொருளையும் மறைக்கிறது, தன்னையும் காட்டுவதில்லை. மறைக்கப்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாத நிலைதான் உயிரின் ஆழமான கட்டு என்பது அவர் வாதம். இந்த அளவுகோலை எடுத்து இன்றைய நகரத்து இரவின்மேல் வைத்துப் பாருங்கள். நம் விளக்கொளி ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை மறைக்கிறது. மறைக்கிறோம் என்பதையும் மறைத்துவிடுகிறது. நகரத்தில் பிறந்து வளரும் பிள்ளை பத்துப் பதினைந்து புள்ளிகளைப் பார்த்து, வானம் என்றால் இதுதான் என்று நம்புகிறது. எதையோ இழந்திருக்கிறோம் என்ற குறைகூட அதற்குத் தோன்றுவதில்லை. உமாபதி சொன்ன ஆணவத்தின் இலக்கணம் இரவைவிட நம் வெளிச்சத்துக்கே பொருந்துகிறது. அவருக்குத் தெரிந்த உலகில் இப்படி ஒரு வெளிச்சம் இல்லை. ஆனால் அதை அடையாளம் காண்பதற்கான கருவியை அவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இறைவனைச் சோதியாகக் கண்ட மரபு இது. வள்ளலார் வரை அப்படித்தான். அந்த மரபில் நின்றுகொண்டு இருட்டைப் புகழலாமா? நான் இருட்டைப் புகழவில்லை. நம் கோயில்களே இதற்கு விடை வைத்திருக்கின்றன. கோயிலைக் கட்டிய சிற்பிகள் கருவறையைச் சன்னல் இல்லாமல், வெளிச்சம் புகாமல் கட்டினார்கள். ஒற்றை எண்ணெய் விளக்கும் ஒரு கற்பூர ஆரத்தியும் அங்கே போதுமானவை ஆனது அதனால்தான். சோதியைப் போற்றியவர்கள் அதன் அளவையும் அறிந்திருந்தார்கள். அளவு மீறும்போது சிறிய ஒளிகள் எல்லாம் செத்துப்போகும். நட்சத்திரங்கள் நம்மை வந்தடையும்போது அப்படிப்பட்ட சிறிய ஒளிகள்தாம். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் ஒளி சுமார் 25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து, கடைசி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நம் தெருவிளக்கின் புகைமூட்டத்தில் காணாமல் போகிறது.

இரண்டாவது மறுப்பு மெய்யியலாளர்களுடையது. வானத்தைப் பார்த்து வரும் வியப்பு ஒரு மனநிலை, காசு கொடுத்து வாங்கிய மனநிலை, அதில் சமயம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். பாதி உண்மைதான். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கலுக்கு அந்த முடிவில்லாத வெளி அச்சத்தைத் தந்தது. 18-ஆம் நூற்றாண்டில் கான்ட்டுக்கு அதே வானம் பெருமதிப்பைத் தந்தது, மனிதனுக்குள் இருக்கும் அறவிதிக்கு இணையாக அவர் அதை வைத்தார். வானம் தானாக எதையும் போதிப்பதில்லை என்பதற்கு இந்த இருவருமே சாட்சி. வியப்பை மட்டும் நம்பி ஒரு பயணத்தைப் புனிதம் என்றால் நான் ஏற்க மாட்டேன். ஆனால் யாத்திரை என்பது ஒருபோதும் போய்ச் சேர்ந்த இடத்து உணர்ச்சியால் மட்டும் ஆனது அல்ல. சபரிமலைக்குப் போகிறவர் 41 நாள் விரதத்தை வீட்டிலிருந்தே தொடங்குகிறார்; மலையேற்றம் அதன் கடைசிப் பகுதி. வானம் பார்ப்பதிலும் உடம்பே ஒரு சிறு விரதம் கேட்கிறது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் பழகியது கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் விளக்கடித்தாலும் கதி அதுதான். ஒருவரின் அடக்கமின்மை அங்கே கூடியிருக்கும் எல்லோரின் பார்வையையும் பறிக்கிறது. எத்தனையோ சாத்திரங்கள் விளக்க முயன்ற ஒரு செய்தி அந்த மைதானத்தில் அரை மணி நேரத்தில் கண்முன் நிரூபணமாகிறது.

மூன்றாவது மறுப்பே கனமானது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. மின்சாரம் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு மலையூரை, நகரத்து வசதிக்காரர்கள் ரசிப்பதற்காக இருட்டில் வைத்திருப்பது நீதியா? இருட்டுதான் தண்டனை என்றால் இது அநீதியே. ஆனால் ஹான்லே விளக்கில்லாத ஊர் அல்ல. விளக்கு இருக்கிறது, அது தரையைப் பார்க்கிறது, வானத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது; 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற ஏற்பைப் பெற்றது. பல்கலைக்கழகமும் கடைவீதியும் உள்ள நகரம் அது; யாரும் அங்கே தடவித் தடவி நடக்கவில்லை. அநீதி வேறொரு இடத்தில் இருக்கிறது. தன் ஊரில் வானத்தை அழித்தவர், அழிக்காத ஊருக்குப் போய் ஒரு இரவை வாடகைக்கு எடுத்து, படம் பிடித்துக்கொண்டு திரும்பி, பழையபடி விளக்கெரிப்பதே அந்த அநீதி. அடுத்தவர் இருந்த பட்டினியின் புண்ணியத்தை விலைக்கு வாங்குவது போன்றது அது. இத்தகைய பயணிகள் பெருகினால் அவர்களுக்காகவே விடுதிகளும் வண்டிகளும் பெருகும். அவர்கள் தேடி வந்த வானமும் போய்விடும்.

வானியல் ஆய்வே இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு சான்று. ஹான்லே ஆய்வகத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்கு, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1983-இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். அதை இயக்குபவர்கள் பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள ஹொசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியே கட்டளை அனுப்புகிறார்கள். நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறது. 1986-இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இன்னும் வேலை செய்கிறது. சமவெளியின் வெளிச்சம் பெருகப் பெருக, மலைமேல் இருப்பவர்களின் வானம் சுருங்கும். ஓரிருவர் விளக்கணைத்து என்ன ஆகிவிடும் என்று சலிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றில் கலந்த சாயக்கழிவை எடுக்கத் தலைமுறைகள் ஆகலாம். ஒளி மாசு அப்படியல்ல, விளக்கை அணைத்த கணமே அது முற்றாகப் போய்விடுகிறது. மனிதன் செய்த கேடுகளில் இவ்வளவு முழுமையாகத் திருத்திக்கொள்ளக் கூடியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஹான்லேக்குப் போகத் திட்டமிடுபவர்கள் முதலில் தங்கள் மொட்டைமாடி விளக்குக்கு ஒரு மூடாக்குப் போடட்டும். கோயில் நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் இன்னும் குறிப்பானது. இன்று பல ஊர்களில் கோபுரத்தின் மேல் கீழிருந்து பாய்ச்சும் ஃபிளட்லைட்டுகள் விடியும்வரை எரிகின்றன. அவை தெருவில் போகிறவர் யாருக்கும் வழிகாட்டுவதில்லை. கோபுரத்தில் பட்டது போக மிச்சமெல்லாம் வானத்துக்குப் போகிறது. கடற்கரைக் கோயில் என்றால், முட்டையிலிருந்து வெளிவந்த பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டு அந்த வெளிச்சத்தை நோக்கி நகரவும் கூடும். உள்ளே அர்த்தஜாம பூஜை முடிந்து சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து நடை சாத்திய பிறகும், வெளியே பகல்போல் விளக்குகளை எரியவிடும்படி எந்த ஆகமமும் சொல்லவில்லை. தெருவிளக்குகள் எரியட்டும், காவலாளிக்கு வேண்டிய விளக்கும் எரியட்டும். நடை சாத்தியதும் கோபுர ஃபிளட்லைட்டுகளை அணைத்துவிடுங்கள். அறநிலையத் துறை ஒரே சுற்றறிக்கையில் இதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும்.