துணைக்கு ஒருவர்

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு வைத்தியசாலையிலும் பொலிஸிலும் நீதிமன்றத்திலும் துணை நிற்பது, மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாகச் செய்துவரும் பணி. அவற்றுள் ஒன்றான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1991இல் கொழும்பில், இடம்பெயர்ந்த பெண்களுக்காக உருவாகி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பெண் ஒருவர் நகரிலுள்ள போதனா வைத்தியசாலைக்கோ மேல் நீதிமன்றத்துக்கோ வர வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் பயணத்தை எளிதாக்கியது. தனியே வரும் அச்சத்தை அது தீர்க்கவில்லை. அங்குதான், துணை நிற்கும் அமைப்புத் தொண்டரின் வேலை தொடங்குகிறது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை எப்படி நடக்கும், எதற்குச் சம்மதம் கேட்பார்கள் என்பதை அவர் முன்கூட்டியே விளக்குகிறார். பொலிஸில் வாக்குமூலம் தமிழில் எழுதப்படுகிறதா, கையொப்பத்துக்கு முன் வாசித்துக் காட்டப்படுகிறதா என்று கவனிக்கிறார். இது சிறு விடயமல்ல: புரியாத மொழியில் பதிவான ஒரு சொல் பின்னர் வழக்கையே குலைக்கலாம்.

முறையிடுவதா வேண்டாமா என்ற முடிவு பாதிக்கப்பட்டவருடையது. தொண்டர் வற்புறுத்துவதில்லை, விசாரிப்பதுமில்லை. கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது, எல்லாரும் உறவினரான கிராமங்களில், மிகக் கடினமான கடமை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைப் பிரசுரிப்பது சட்டப்படியும் குற்றம். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், ஒவ்வொரு தவணைக்கும் அதே முகம் உடன் வருவதே பெரும் ஆதரவாகிறது.