வலியின் நியாயம்

கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற ரணவைத்தியர், தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் அழுகல் அன்று, உணர்ச்சியின்மையால் தெரியாமற்போகும் காயங்களே என்று கண்டபின், வலி ஈசுவரன் ஈந்த கொடை என்ற சித்தாந்தத்தை ஆயுள் முழுவதும் போதித்து வந்தார். தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் விழித்துக்கொள்ளாத அந்நோயாளிகள் வீடு திரும்புகையில் ஆஸ்பத்திரியார் அவர்களோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். வலி பார்க்க வேண்டிய உத்தியோகத்தைப் பூனை பார்த்தது. உலகுக்கெல்லாம் பாதரட்சை தைத்தனுப்பும் இந்த வேலூர் வட்டாரத் தோல் சீமையில், ஆணி குத்தியும் அறியாத பாதங்களுக்கென்றே மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகளைக் கரிகிரித் தொழுநோய் ஆஸ்பத்திரியில் செய்தார்கள்.

இந்தச் சித்தாந்தத்தைத் திணறவைக்க ஒரு சின்னஞ்சிறு கட்டி போதும். 1935-இல் ஜாஃபே என்பவர் தனி வியாதியாக விவரித்த ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற எலும்புக் கட்டி, பெரும்பாலும் இளவயதினரையே பற்றுவது, அபூர்வமாகக் கணுக்காலின் தாலஸ் எலும்பிலும் தோன்றும். அதன் கரு ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. புற்றாக மாறாது, பரவாது, சில வருஷங்களில் தானே அடங்குவதும் உண்டு. ஆனால் அக்கரு சுரக்கும், வலியைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் நள்ளிரவில் உயிரை வாங்கும். ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் பையனுக்கு இது வந்தால், சுளுக்கென்று எண்ணெய் நீவி, புத்தூர்க் கட்டும் போட்டுப் பார்த்து, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் புலப்படாமல், ஆஸ்பிரின் விழுங்கியே மாதங்களைக் கழிப்பான். சி.டி. ஸ்கேனில் அகப்பட்டபின், தேவையானால் கணுக்காலின் எலும்புப் புடைப்பை அறுத்து வழிசெய்து கருவைச் சுரண்டி எடுத்து, அப்புடைப்பைத் திருகாணியால் மீண்டும் பொருத்துகிறார்கள். அல்லது ஊசிமுனையைச் சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்கிக் கருவைப் பொசுக்குகிறார்கள்.

எந்த அபாயத்தையும் அறிவிக்காத இந்த வலி யாருக்குக் கொடை? பூர்வஜன்ம வினை என்பவர்களிடம் விடை தயாராக இருக்கிறது. ஒரு மிளகளவுக் கட்டியைச் சாட்சியாக வைத்துப் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் அந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. பிராண்டே பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரியில், உணர்ச்சியற்றவர்களுக்காக எச்சரிக்கைக் கருவிகளைச் செய்து பார்த்தார். வேலைக்கு இடைஞ்சலானபோதெல்லாம் நோயாளிகள் அவற்றை அணைத்துவிட்டார்கள். நம் இஷ்டத்துக்கு அணைக்க முடியாததனால்தான் வலி நம்மைக் காக்கிறது. ஆகவே அது வீணாக ஓலமிடும்போதும் நம்மால் அணைக்க முடிவதில்லை. கொடையும் கொடுமையும் ஒரே ஏற்பாட்டின் பிரஜைகள், இதில் தனிமனிதனின் பாவபுண்ணியத்துக்கு வேலையில்லை. இதைவிட நேர்த்தியாக ஈசுவரன் சிருஷ்டித்திருக்கலாகாதா என்று அந்தப் பையன் கேட்டால், அதை நாஸ்திகம் என்று நான் சொல்லமாட்டேன்.