மஞ்சள் விளக்கு

2022 ஐப்பசியில் ஒரு நாள், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில், நான் ஓட்டிக்கொண்டிருந்த கார் நின்றுவிட்டதாக அதன் வேகமானி அறிவித்தது. கார் நிற்கவில்லை. உப்பளங்களைத் தாண்டி, இருபுறமும் உடைமரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. வல்லநாட்டை நெருங்குகிறோம் என்பதை என் மனைவியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துவிட்டது. அதே கணத்தில் பக்கத்தில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்ற மூன்று எழுத்து.

"என்னங்க, ஏதோ விளக்கு எரியுதே?" என்றாள்.

"அது ஒன்றுமில்லை" என்றேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாததை 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் பழக்கம் எனக்கும் அந்த முள்ளுக்கும் பொதுவானது என்பதைப் பின்னால்தான் யோசித்தேன்.

பூஜ்யம் என்பது விசித்திரமான எண். 'வண்டி நிற்கிறது' என்றாலும் பூஜ்யம். 'வண்டியைப் பற்றி எனக்கு எந்தச் செய்தியும் இல்லை' என்றாலும் பூஜ்யம். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஆட்டோ ஷுல்ட்ஸ் என்பவர் 1902இல் உரிமம் பெற்ற வேகமானியிலும் இதே கதைதான். சுழலும் காந்தம் ஒன்று, அதைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் ஒன்று, முள்ளைப் பின்னுக்கு இழுக்கும் மெல்லிய சுருள்வில் ஒன்று. சக்கரத்தின் செய்தியைக் கொண்டுவரும் கேபிள் அறுந்தால் வில் தன் கடமையைச் செய்யும். முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தக் கருவிக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது. மஞ்சள் விளக்கோ வேறு ஜாதி. அது எந்த எண்ணும் சொல்வதில்லை. 'என் வேலையை என்னால் செய்ய முடியவில்லை, இதற்குமேல் என்னை நம்பி ஓட்டாதே' என்று மட்டும் சொல்கிறது.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் பல் வைத்த இரும்பு வளையம் ஒன்று சுழல்கிறது. அதற்கு மயிரிழை தள்ளி, காந்தமும் கம்பிச் சுருளும் அடங்கிய சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சிறு மின்துடிப்பு எழும். அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும் பெட்டிக்குத்தான் ஏ.பி.எஸ். என்று பெயர். நாம் பதறிப்போய் பிரேக்கை மிதிக்கும்போது, ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிற்கப் பார்த்தால், அது இறுகிப்போய் வழுக்கத் தொடங்குகிறது என்று பெட்டி அறிந்துகொள்ளும். உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, ஒரு நொடிக்குள் பலமுறை மாற்றும். சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். முதலில் விமானங்களுக்கென்று பிறந்த யோசனை இது. மின்னணுப் பெட்டியுடன் 1978இல் ஜெர்மனியில் பென்ஸ் காருக்கு வந்தது. என் வண்டியில் வேகமானியும் தன் எண்ணை இந்தப் பெட்டியிடம்தான் வாங்கிக்கொள்கிறது. பெட்டி கைவிரித்தால் முள் படுத்துவிடும்.

பெட்டி கைவிரித்தாலும் சாதாரண பிரேக் இருக்கும். சிவப்பு பிரேக் விளக்கு வேறு. கைப்பிரேக்கை விட்ட பிறகும் அது எரிந்தால் வண்டியை ஓரங்கட்டியே ஆகவேண்டும். மஞ்சள் மட்டும் எரிந்தால் பழைய அம்பாசடரை ஓட்டுவதுபோல ஜாக்கிரதையாக ஓட்டிக்கொண்டு போகலாம். இந்த உண்மைதான் என்னைக் கெடுத்தது.

முதலில் போன பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். இடது முன்சக்கரத்துச் சென்சாரின் செய்தி நம்பத்தக்கதாக இல்லை என்று திரை சொல்லிற்று. சென்சாரை மாற்றினார்கள், நல்ல விலை. வீடு வந்து சேருமுன் விளக்கு மறுபடி எரிந்தது. இரண்டாம் முறை போனபோது அந்த இளைஞர் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், வண்டியைக் கொடுக்கத்தானே போறீங்க? இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. விளக்கை அடக்கிருவோம்" என்றார்.

பல்பைப் பிடுங்கி எறிவது பழைய பாணியாம். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் இரண்டு மூன்று நொடி எரிந்து அணையவேண்டும். ஒன்று மட்டும் எரியாவிட்டால் விஷயம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் அந்த விளக்கின் கம்பியை ஆயில் விளக்கின் கம்பியோடு முடிந்துவிடுவது. ஆயில் விளக்கு எரியும்போது இதுவும் எரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அணையும்போது இதுவும் அணையும். யோக்கியனைப் போலவே நடந்துகொள்ளும்.

நான் சரி என்றேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

அடுத்த பதினோரு நாட்கள் டாஷ்போர்டு குளம்போல அமைதியாக இருந்தது. நான் கதை எழுதுகிறவன். இது கதையாக இருந்தால் இந்த இடத்தில் அடைமழையைப் பெய்யவிட்டு, சாலையின் குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டியையோ பள்ளிப் பிள்ளையையோ ஓட விட்டிருப்பேன். சக்கரங்கள் இறுகி, வண்டி வழுக்கி, கதாநாயகனுக்கு ஞானம் பிறந்திருக்கும். வாசகர் மன்னிக்க வேண்டும். மழையும் பெய்யவில்லை, ஆடும் வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காதபோது அந்தக் காரியத்தில் தப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

விபத்து நடந்தால்தான் பொய் தப்பு என்றால், தப்பை நிர்ணயிப்பது ஆட்டுக்குட்டியாகிவிடுகிறது. அது வந்தால் நான் பாவி, வராவிட்டால் கெட்டிக்காரன். இது ஏற்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. மறுபக்கத்து வாதத்தையும் சொல்லிவிடவேண்டும். வண்டியில் நான் எதையும் உடைக்கவில்லை. பிரேக் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ஒரு விளக்கை அணைத்தேன், அவ்வளவுதான். ஏ.பி.எஸ். இல்லாத எத்தனையோ லட்சம் வண்டிகள் ஓடவில்லையா? ஓடுகின்றன. ஆனால் அவற்றை ஓட்டுகிறவனுக்கு அது இல்லை என்று தெரியும். அவன் கால் அதற்குத் தக்கபடி பிரேக்கை மிதிக்கும்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கே வெட்கம். கம்பியை முடியச் சொன்னவன் நான். ஆனாலும் நாலைந்து நாளில் அந்த அமைதியை நானே நம்பத் தொடங்கிவிட்டேன். காலையில் சாவியைத் திருப்புவேன். விளக்குகள் எரிந்து அணையும். 'எல்லாம் சரி' என்று நெஞ்சு நிம்மதியாகும். ஊமையாக்கப்பட்ட சாட்சியின் மௌனத்தை நான் நற்சான்றாக வாங்கிக்கொண்டிருந்தேன். வேகமானி மட்டும் பூஜ்யத்திலேயே கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் சரிக்கட்ட அந்த இளைஞர் ஒரு வழி வைத்திருந்தார். செலவைக் கேட்டு நான்தான் தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கத் தகப்பனும் மகனும் வந்தார்கள். மகனுக்கு உப்பு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதும் வேலை. அவர்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். வேகமானி மட்டும் ஓடவில்லை, சரிசெய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டின் முதுகைத் தடவுவதுபோல் பானெட்டைத் தடவிப் பார்த்தார். மகன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைக் கவனித்தார்.

"எல்லாம் அணைஞ்சிட்டுல்லா, அப்பம் சரிதான். விளக்கு எரியாத வண்டியாப் பாத்து வாங்குங்கன்னு சொன்னாக" என்றார்.

யாரோ அவருக்குச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் பார்க்கவேண்டியதைத்தான் பார்த்தார். நான் அவர் கண்ணுக்குள் கையை விட்டிருந்தேன். "அண்ணாச்சி, அந்த மஞ்சள் விளக்கு எரியவேண்டியது" என்று ஆரம்பித்து, உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் உளறியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. மகனைப் பார்த்தார், மகன் சாவியை என்னிடம் கொடுத்தான். மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வேறு வண்டி வாங்கினார்களாம். அதில் எல்லா விளக்கும் அணைந்தனவா, அணைக்கப்பட்டனவா என்று நான் விசாரிக்கவில்லை.

அதன் பிறகுதான் துறைமுகச் சாலைப் பக்கம் இருக்கும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். கம்பி முடிச்சை அவிழ்த்துவிட்டு, ஸ்கேனரைத் தொடுமுன் அவர் ஒரு கேள்வி கேட்டார்:

"விளக்கு எரியதுக்கு முந்தி, வண்டி மெதுவா நிக்கப் போற நேரத்துல பெடல் காலுக்கடியில துடிச்சுதா?"

துடித்தது. ஒரு மாதமாகவே துடித்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். கழற்றிப்போட்ட பழைய சென்சாரை நான் பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன். அதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார். ஆயிரத்துச் சொச்சம் ஓம். வலப்பக்கத்துச் சென்சாரும் ஏறக்குறைய அதுவே காட்டிற்று. பிறகு டார்ச் அடித்து, மண்ணெண்ணெய்த் துணியால் பல் வளையத்தைத் துடைத்துக்கொண்டே சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினார். ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார். வளையத்துக்கு அடியில் துரு பொங்கி, அது மயிர்க்கோடாக வெடித்திருந்தது. இந்த ஊர் உப்புக் காற்றில் பதினான்கு வருஷம் நின்ற வண்டி அல்லவா? ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெடிப்பு வரும்போது ஒரு பல் கணக்குத் தப்பிப்போகிறது. மெதுவாகப் போகும்போது, சக்கரம் வழுக்கிவிட்டது என்று பெட்டி ஏமாந்து பிரேக்கை விட்டுப் பிடித்ததுதான் அந்தத் துடிப்பு. அப்புறம், இந்தச் செய்தியை நம்பி வேலைசெய்ய முடியாது என்று முடிவுசெய்து தானே ஒதுங்கிக்கொண்டு விளக்கை ஏற்றியிருக்கிறது.

"சாட்சி சரியாத்தான் சொல்லியிருக்கு, பாத்துக்கிடுங்க. வளையம் உடைஞ்சிருக்கு. நீங்க சாட்சியை மாத்தியிருக்கீக" என்றார்.

புது வளையத்தின் விலை, சென்சாருக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு. முள் எழுந்தது, விளக்கு அணைந்தது. வேகமானியைப் பற்றி அவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் இங்கே குறித்துவிடுகிறேன். கருவி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டினால் ஓர் அளவு வரை பாதகமில்லை என்று பல நாடுகள் ஏற்ற ஐக்கிய நாடுகளின் விதி ஒன்று இருக்கிறது. 80 கிலோமீட்டரில் போகும்போது 92 வரை காட்டலாம்; 79 காட்டக்கூடாது. எந்தப் பக்கம் பிசகினால் ஆபத்து இல்லையோ அந்தப் பக்கம் மட்டும் பிசக அனுமதி. சட்டம் எழுதியவர்களில் யாரோ மனித சுபாவம் தெரிந்தவர் இருந்திருக்கிறார்.

ஒரு பாக்கி மட்டும் தீரவில்லை. முள் படுத்துக் கிடந்த நாட்களில் தூரத்தை எண்ணும் மீட்டரும் எண்ணவில்லை. என் டயரியைப் பார்த்து, போன ஊர்களைக் கூட்டி, அது ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் என்று கணக்கிட்டேன். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வண்டியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.