எல்லைக் கோடும் எல்லைத் தெய்வமும்

எங்கும் நிறைந்த இறைவனுக்குத் தனியே ஓர் இடம் எதற்கு என்பது சைவ மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. பல்கலைக்கழக நூலகங்கள் பேணிவரும் மலாயா நில வரைபடங்களை மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் வழிபாட்டு மரபோடு சேர்த்து நோக்கும்போது அவ்வினா புதிய கூர்மை பெறுகிறது.

குடியேற்றக் கால நில அளவைத் துறை வெளியிட்ட ஓரங்குல வரைபடங்கள், நிலத்தின் ஒரு மைலைத் தாளில் ஓர் அங்குலமாகச் சுருக்கி, அதாவது 1:63,360 என்ற அளவுகோலில், ஆறுகளையும் சாலைகளையும் ரப்பர்த் தோட்டங்களையும் பதிவு செய்தன. இவ்வளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 63 மீட்டர் ஆவதால், 3 மீட்டர் அகலமுள்ள முனீஸ்வரன் மேடை தாளில் மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்காகிக் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அளவையாளருக்கு எல்லை என்பது ஒரு கோடு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கோ அது காவல் தெய்வம் நிற்கும் இடம், விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் இறங்குவோர் கும்பிட்டுக் கடக்கும் மரத்தடிச் சூலம்.

இறைவனின் வியாபகத்தை, அதாவது எங்கும் நிறைந்திருக்கும் இயல்பை, உறுதியாகக் கொண்ட அப்பரே, பள்ளி, குடி, ஊர், காடு எனப் பெயரீறுகளால் தலங்களை வகைப்படுத்தி ‘அடைவு திருத்தாண்டகம்’ பாடினார். பசுவின் உடலெங்கும் பரவியுள்ள பால் மடியின் வழியே சுரப்பதுபோல, எங்குமுள்ள இறையருள் வழிபடும் இடத்தில் வெளிப்படுகிறது என்பதே சைவர் தரும் விளக்கம்.

ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும், நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் கொடுத்தபோது, கோயில்கள் பெயர வேண்டிய நிலையும் எழுந்தது. மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றும் ‘கலாகர்ஷணம்’ என்ற கிரியையை ஆகமங்கள் வகுத்திருப்பதால், தெய்வம் இடம்பெயர்வது மரபுக்கு முரணானதன்று. ஆயினும் வழிபட்டோர் உழைத்து வாழ்ந்த மண்ணைக் கும்பத்தில் எடுத்துச் செல்ல இயலாது.

ஆகவே பழைய வரைபடங்களைக் காப்பது மட்டும் போதாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்கள் நினைவோடு இருக்கும்போதே, மாரியம்மன் கோயிலும் முனீஸ்வரன் மேடையும் நின்ற இடங்களை அவர்களிடம் கேட்டு அத்தாள்களில் குறித்து வைப்பது இத்தலைமுறையின் கடமை.