பாட்டு உள்ளே, பாடுனவ வெளியே

எங்க அம்மாச்சி அவனியாபுரத்தில் ஒப்பாரி வைத்தவள். எங்க தெருவில் சாவு விழுந்தால் கூப்பிடாமலேயே ஓடுவாள். ஊருக்குள்ளே, கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த வீடுகளில் விழுந்தால் ஆள் வரும். போகாம இருக்க முடியாது. பந்தக்காலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மாரடிச்சு அழணும். கூலி கொஞ்சம் நெல்லு, ஒரு பழைய சேலை. 1990களின் தொடக்கத்தில் அப்படி ஒரு வீட்டில் பெரியவர் செத்தபோது, அவர் மகன் டேப் ரெக்கார்டரைக் கொண்டாந்து வைத்து அவள் அழுததைப் பதிவு செய்தார். மறுவருசம் திவசத்தன்னைக்கு அந்தக் கேசட்டைப் போட்டார்கள். களையெடுத்துட்டு அந்த வழியா வந்த அம்மாச்சி தெருவில் நின்னு கேட்டாள். உள்ளே வான்னு யாரும் சொல்லவில்லை.

2021 மார்ச் 7ஆம் தேதி ‘எஞ்சாய் எஞ்சாமி’ வீடியோ வந்தபோது எனக்கு அந்தக் கேசட்தான் ஞாபகம் வந்தது. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசையில், மாஜா தளம் வெளியிட்டது. அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பியவர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 சனங்களைப் பங்கு போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதியது. தோட்டத்தை உண்டாக்கியவனுக்கு அங்கேயும் நிலமில்லை, இங்கேயும் நிலமில்லை. அந்தக் கிழவியை வீடியோவில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துட்டு எங்கம்மா ஒண்ணுமே பேசல. திரும்பப் போடச் சொன்னாள், அவ்வளவுதான்.

‘சாமி’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கணும். நிலக்காரர் வாசலில் நின்று ‘சாமீ’ன்னு குரல் கொடுத்த அதே வாய், வீட்டுக்கு வந்ததும் என்னைத் தூக்கி வச்சு ‘எஞ்சாமி’ன்னு கொஞ்சும். அடிமையாக நின்ற சொல்லும் கொஞ்சின சொல்லும் ஒண்ணுதான். இந்த வித்தியாசம் அகராதியில் கிடைக்காது, மடியில் கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

பிறகு சண்டை வந்தது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு இணைய அட்டை. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியது. தீ பாடினார், கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு இல்லை. இசையமைத்ததும் எழுதியதும் பாடியதும் நான்தான் என்று அறிவு எழுதினார். இல்லை, இசையமைத்துப் பதிவு செய்தது நான், உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம், அறிவு அமெரிக்காவில் இருந்ததால் வரமுடியவில்லை என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். தீயும் தன் பக்கத்தைச் சொன்னார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். நிறுவனம் வேறு கணக்குச் சொன்னது.

எவர் பொய் சொன்னார் என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. மெட்டும் சொல்லும் ஒரே மூச்சில் பிறக்கும் இடத்தில் இது உன் பங்கு, இது என் பங்கு என்று கோடு கிழிப்பது லேசில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஆள் வராவிட்டாலும் பாட்டு நடக்கும் என்று எல்லோருக்கும் எப்படித் தோணியது? மாரியம்மாள் பெரிய பாடகி, ‘கர்ணன்’ படத்தில் அவர் குரலைக் கேட்டவர் மறக்க முடியாது. அவரைச் சொல்லவில்லை. நம்ம சனங்க குரல் ஒண்ணுக்குப் பதில் ஒண்ணு வைக்கலாம் என்கிற நினைப்பைச் சொல்கிறேன். 

அந்த நினைப்புக்குச் சௌகரியமான பேர் ‘நாட்டுப்புறப் பாட்டு’. ஒரு பாட்டை அந்த வகையில் போட்டுவிட்டால் அது எல்லாருக்கும் சொந்தம், அதாவது யாருக்கும் சொந்தமில்லை. தியாகராஜர் கீர்த்தனையில் அவர் பேரே முத்திரையாக நிற்கிறது, இருநூறு வருசம் ஆனாலும் அழியாது. ஒப்பாரிக்காரி என்ன செய்கிறாள்? அவளும் பேர் வைக்கிறாள்தான், செத்தவன் பேரை. அவன் கட்டின வீடு, அவன் வெட்டின கெணறு, அவன் பெத்த பிள்ளைகள் என்று ஒவ்வொரு சாவுக்கும் புதுசாக் கோத்துப் பாடுகிறாள். தன் பேரை மட்டும் வைப்பதில்லை. வைக்க விட்டதுமில்லை. இதைத்தான் ஆய்வாளர்கள் ‘ஆசிரியர் பெயர் தெரியாதது’ என்று எழுதுகிறார்கள். தெரியாதா, கேட்கவில்லையா?

அறிவு மட்டும் என்ன, பாட்டியிடம் கேட்டதைத்தானே எழுதினார் என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. நானும் இப்போது அம்மாச்சி கதையை என் பேரில்தானே எழுதுகிறேன். ஆனால் 2024இல் அறிவு தன் பாட்டுத் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பேர் வைத்தார். கிழவி பேரை முன்னால் போட்டு, நான் அவ பேரன் என்று பின்னால் நிற்கிறார். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான முத்திரை இல்லை.

1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் கலைவிழா நடந்தபோதும் எங்களுக்குள் இதே வாக்குவாதம்தான். எழவுக் கொட்டை மேடையில் அடிப்பதா, கொளுத்துவதா? அடிக்கணும்னு கத்தினவன் நான். அம்மாச்சியைக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாள். “கூப்புட்டு அழுததெல்லாம் போதும்டா, இனி எனக்கு வந்தா அழுறேன்” என்றாள்.

இப்போது அந்தக் கண்மாய்ப் பாசன வயல்களில் பாதிக்கு மேல் பிளாட்டுகள். அவனியாபுரம் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அம்மாச்சி போய்ச் சேர்ந்து பல வருசம். அவள் செத்தன்னைக்கு அவளை மாதிரி ஒப்பாரி சொல்ல எங்க தெருவில் ஆளில்லை. அவள் குரல் இருப்பது அந்த ஒரு கேசட்டில்தான், அதுவும் அந்த வீட்டில். போய்க் கேட்டால் தேடிப் பார்ப்பார்களாக இருக்கும். நான் இன்னும் போகவில்லை.