திறக்கும் முன் இரண்டு கேள்விகள்

ஹவுரா படித்துறைகளைத் தொட்டு ஓடும் ஹூக்ளி, கடலின் ஏற்றவற்றத்தை உணரும் ஆறு. அது போய்ச் சேரும் கங்கைக் கழிமுகத்து நீரில் காலராக் கிருமி காலங்காலமாக வாழ்கிறது. மனிதருக்கு அது கொடும்பகை. அதன் கொல்லும் நஞ்சை 1959இல் உலகுக்குக் காட்டியவர், அக்கரைக் கொல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் சம்புநாத் டே. ஆனாலும் பகையிடமும் படிக்க ஒரு பாடம் உண்டு.

போட்டிக் கிருமிகளைக் குத்த அதனிடம் ஓர் ஈட்டி இருக்கிறது. புரதத்தால் ஆன ஈட்டி; நுனியில் வேறொரு நஞ்சு. அதைச் செய்யும் மரபணுக்கள் அதற்குள் எப்போதும் உண்டு. எப்போதும் விழித்திருப்பதில்லை.

ஈட்டி செய்ய ஆற்றல் செலவாகும். எனவே 1961 முதல் உலகைச் சுற்றிவரும் காலரா வகை, இரண்டு விடைகள் கிடைத்த பிறகே அந்த மரபணுக்களைத் திறக்கிறது. எங்கே நிற்கிறேன்? நண்டு, இறால் ஓட்டிலிருக்கும் கைட்டின் மீது என்றால், அது உணவும் உறைவிடமும் தரும் இடம். நம்மவர் எத்தனை பேர்? ஒவ்வொரு கிருமியும் வெளிவிடும் வேதிக்குறிகள் நீரில் பெருகும்போது, கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது. இரண்டும் பொருந்தினால் ஈட்டி பாயும். பொருந்தாவிட்டால் மரபணு உறங்கும்.

அது பாயும் இடத்தில் வெற்றிக்குப் பயனும் உண்டு. வீழ்ந்த போட்டியாளரின் டி.என்.ஏ.வை அந்தக் கிருமி உள்ளிழுத்துக்கொள்வதை, 2015இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இன்று உங்களையும் யாரேனும் சீண்டலாம். அலுவலகத்தில் ஒரு குத்தல் பேச்சு. வாட்ஸாப் குழுவில் ஒரு வரி. ரயிலில் ஜன்னலோர இருக்கைக்காக ஒரு முறைப்பு. கூர்மையான பதில் உங்களிடம் தயாராக இருக்கும். வெளியே எடுக்கும் முன் கேளுங்கள்: இந்த இடம் என் உழைப்புக்குத் தகுந்ததா? இதில் வென்றால் எனக்கும் என்னைச் சேர்ந்தவர்களுக்கும் என்ன மிஞ்சும்?

பதில் இல்லாமல் வாய் மூடுவது இயலாமை. பதில் இருந்தும் பொறுத்திருப்பது ஆளுமை. வீண் சண்டையில் வென்றவரும் களைத்துத்தான் வீடு திரும்புகிறார். காக்க வேண்டிய ஒன்று இருந்தால் முழு பலத்தோடு நில்லுங்கள். இல்லையென்றால் சிரித்துவிட்டுக் கடந்து போங்கள். உங்கள் ஆற்றலுக்கு இன்று வேறு நல்ல வேலை இருக்கிறது.