காணாத நோவும் காண்பவர் கடனும்

இடுப்பிலும் பிட்டத்திலும் ஆழ்ந்து எழும் தசைநோவு விந்தையானதொரு துன்பம். காயமில்லை; வீக்கமில்லை; காய்ச்சலுமில்லை. நடக்கும்போது நலமுள்ளவர் போலத் தோன்றும் ஒருவர், சிறிது நேரம் அமர்ந்ததும் தொடைவழியே நெருப்பு இறங்குகின்றது என்கிறார். கேட்பவர் அதனை நம்பவேண்டுமா? நம்பவேண்டுமெனின் எவ்வாதாரங் கொண்டு? இவ்வினா மருத்துவத்துக்கு மட்டுமன்றி அறவியலுக்கும் உரியது.

இந்நோவின் ஓர் உறைவிடத்தை உடற்கூற்றியல் காட்டுகின்றது. முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவென்பிலிருந்து தொடையென்பின் மேற்பகுதிவரை, பேரிக்காய் வடிவத் தசையொன்று குறுக்காகச் செல்கின்றது. காலுக்குச் செல்லும் பெருநரம்பு அதன் கீழாகவும், சிலரிடத்து அதனை ஊடுருவியும் இறங்குகின்றது. தசை இறுகினால் நரம்பு உறுத்தலுறும். 1947 இல் றொபின்சன் என்னும் மருத்துவர் இதற்குத் தனிப்பெயர் வழங்கினார். 1895 இல் றொஞ்சன் கண்டறிந்த எக்ஸ்-கதிர் என்பைக் காட்டும். தசையின் இறுக்கத்தைக் காட்டாது. எனவே மருத்துவரும் நோயாளியின் சொல்லைக் கேட்டும், காலை மடக்கித் திருப்பிப் பார்த்துமே பெரிதும் முடிவுக்கு வருகின்றார்.

அரியாலை போன்ற ஊரில் இவ்வினா அன்றாட வாழ்வோடு பிணைந்தது. யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியை அடுத்து வயலும் தோட்டமுமாய்ப் பரவைக்கடல்வரை பரந்த இவ்வூரில், உழைப்பென்பது பலருக்குக் குனிவதும் குந்தியிருப்பதுமாகும். களை பிடுங்குபவரும், நாள்தோறும் துவிச்சக்கர வண்டியில் நகருக்குச் சென்று மீள்பவரும், நெடுநேரம் நாற்காலியில் அமர்ந்து எழுதுபவரும் இந்நோவுக்கு ஆளாகலாம். 'நாரி நோ' என்று அதற்குப் பெயருண்டு, மதிப்புத்தான் இல்லை. கூலிக்குச் செல்பவர் இரு நாள் நின்றால் மூன்றாம் நாள் வேலை இன்னொருவர் கைக்குப் போகின்றது. வீட்டில் ஒரு பெண் நோவென்றால் 'சாட்டு' என்னும் ஒரு சொல்லில் வழக்கு முடிந்துவிடுகின்றது.

இம்மதிப்பின்மைக்கு வரலாறும் ஒரு காரணமாகலாம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில், வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். அவயவம் இழந்தோரும் உறவை இழந்தோரும் வாழும் மண்ணில், தழும்பில்லாத நோவைச் சொல்லவே நா கூசுகின்றது. ஆயினும் பெருந்துன்பம் ஒன்று இருப்பதால் சிறுதுன்பம் பொய்யாகிவிடாது.

சைவசித்தாந்த அளவையியல் இங்கு ஒளிதருகின்றது. காட்சி, கருதல், உரை என அளவை மூன்றெனக் கொள்ளும் சிவஞான சித்தியார், காட்சியையே நால்வகையாகப் பகுத்து, இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிவதைத் தன்வேதனைக் காட்சி என்கின்றது. நோவு நோயுற்றவருக்குக் காட்சி. அயலவருக்கோ கருதலாலும் உரையாலும் மட்டுமே எட்டுவது. ஆகவே "கண்ணுக்குக் காட்டு, நம்புகிறேன்" என்பவர் கிடைக்கவியலாத அளவையைக் கேட்கின்றார். நோவு பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கமும் 2020 இல் திருத்திய தன் வரைவிலக்கணக் குறிப்பில், ஒருவர் தமக்கு நோகின்றதெனக் கூறுவது மதிக்கப்படவேண்டும் என்றது.

பொய்யாக நடிப்போரும் உளரே எனலாம். உண்மை. ஆனால் இருவகைத் தவறுகளும் நிறையில் ஒத்தவையல்ல. பொய்யரை நம்பினால் சில நாள் உழைப்பு இழக்கப்படும். மெய்யரை நம்பாதுவிட்டால் அவர் நோவோடு தனிமையையும் சுமப்பார். தம் மெய்யை மெய்ப்பிக்கவே நோவைத் தாங்கிக் குனிந்து, நோயை முற்றவும் விடுவார்.

நம்பப்படுபவருக்கும் கடனுண்டு. நெடுநாட் படுக்கை இந்நோவுக்கு மருந்தாவதில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் பொதுக்கருத்து. நோவைத் தூண்டும் இருக்கையைக் குறைத்து, சிறுசிறு நடையும், தசையை மெல்ல நீட்டி வலுவூட்டும் பயிற்சியும் கொண்டால் பலர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தேறுகின்றனர். கால் வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ உடனே வைத்தியசாலையை நாடவேண்டும். நோவைப் பெருக்காமலும் மறைக்காமலும் உள்ளவாறு உரைப்பதும், முடிந்த அளவுக்கு எழுந்து நடப்பதும் நோயுற்றவரின் அறம்.

அவ்வளவைக் குறிக்கவல்லவர் அவரே. இன்று இருபது அடி நடந்தவர் நாளை பத்தடியில் நின்றால், "நேற்று நடந்தாயே" என்று குற்றஞ்சாட்டாது அருகே நிற்பதே அயலவரின் கடன். தேறுதல் தசையில் நிகழ்வது. எனினும் அதற்கு வேண்டிய காலத்தையும் ஓய்வையும் அளிப்பது சுற்றத்தாரின் நம்பிக்கையே.